முகக்கவசம்: தூய்மை வேறு, காவல் வேறு

 

2020-ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோய்ப் பரவலைப் பன்னாட்டு அவசர நிலையாக அறிவித்தது. மார்ச் 11 அன்று அதனை உலகளாவிய பெருந்தொற்று என்று வகைப்படுத்தியது. அந்நாட்களில் பள்ளிவாசல்களின் கதவுகள் அடைக்கப்பட்டன. ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழுகையை வீட்டுக்குள்ளேயே நிறைவேற்றினோம். கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, ஆளுக்கொரு விரிப்புடனும் முகத்தில் கவசத்துடனும் இடைவெளி விட்டு ஸஃப்புகளில் நின்றோம். 2023 மே 5 அன்று அந்த அவசர நிலை முடிவுக்கு வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அவசர நிலை முடிந்தது. ஆனால் முகக்கவசத்தின் தேவை முடியவில்லை. காசநோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் அது தேவைப்படுகிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவருக்கும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கும் தேவைப்படுகிறது. மரம் அறுக்கும் பட்டறையிலும் சிமெண்ட் தூசியிலும் வேலை செய்யும் சகோதரருக்குத் தேவைப்படுகிறது. குளிர்காலப் புகைமூட்டத்தில் மூச்சு விடத் திணறும் டில்லி போன்ற நகரங்களில் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோருக்கும் இது தெரிந்த செய்தியே.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. நல்ல கவசம் விலை கூடியது. நாள்தோறும் புதிதாக வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதன்று. அப்படியானால் அதை வீட்டிலேயே சுத்தம் செய்து மறுபடியும் அணியலாமா? அணியலாம் என்றால் எப்படி? இக்கேள்விக்குச் சரியான விடை தெரியாமையால், தன்னைக் காப்பதாக நம்பிக்கொண்டு, காவல் இழந்த கவசத்தை அணிந்து நோயாளியின் அருகில் அமர்ந்திருப்போர் உண்டு. எனவே இது சில்லறைச் செலவு பற்றிய கேள்வி மட்டுமன்று. உயிர் பற்றிய கேள்வியும் ஆகும்.

இரண்டு கடமைகள்

பொருளை வீணாக்கலாகாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட நெறி. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவுக்குத் தண்ணீரை அளவோடு செலவழிக்க வேண்டும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இன்னும் உழைக்கக்கூடிய பொருளைத் தூக்கி எறிய நம் மனம் ஒப்பாது. இது ஒரு கடமை.

தனக்கும் தீங்கு தேடிக்கொள்ளலாகாது, பிறருக்கும் தீங்கு விளைவிக்கலாகாது என்பதும் நமக்குக் கற்பிக்கப்பட்ட நெறியே. இது மற்றொரு கடமை. சிக்கனத்தின் பெயரால் இரண்டாவது கடமையை மறந்துவிடலாகாது. அச்சத்தின் பெயரால் முதல் கடமையை உதறிவிடவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்ற வேண்டுமானால், நம் கையில் உள்ள பொருள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அறிவின்றிச் செய்யப்படும் சுத்தம் பல நேரங்களில் கேட்டில் முடிகிறது.

ஹார்பின் நகரின் பாடம்

நோய்த் தொற்றுக்கு எதிராக முகக்கவசம் பெருமளவில் பயன்பட்ட வரலாறு, நம் மக்கள் பலர் குடியேறி வாழும் மலேசியாவின் பினாங்கில் பிறந்த ஒரு மருத்துவரோடு தொடர்புடையது. வூ லியன்-டே என்பது அவர் பெயர். 1910-ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் மஞ்சூரியப் பகுதியில் ஒரு கொடிய பிளேக் நோய் பரவியது. அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 31.

எலிகளின் மீதுள்ள தெள்ளுப்பூச்சிகளாலேயே பிளேக் பரவுகிறது என்று அக்காலத்து மருத்துவர்கள் நம்பினர். இது நுரையீரலைத் தாக்கும் பிளேக் என்றும், மூச்சுக்காற்றின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்றும் வூ கண்டறிந்தார். பஞ்சையும் மெல்லிய துணியையும் அடுக்கி முகக்கவசம் செய்து, அனைவரும் அணிய வேண்டும் என்று வற்புறுத்தினார். அனுபவமும் புகழும் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெனி இதனை ஏற்கவில்லை. கவசமின்றியே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களிலேயே அந்நோய் தொற்றி, 1911 ஜனவரியில் இறந்துபோனார். அதன் பிறகே மற்றவர்கள் கவசத்தின் அருமையை உணர்ந்தனர். அந்தப் பெருநோயில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர்.

வூ செய்தது துணியாலான கவசம். இன்று நம் கையில் இருப்பவை பல வகை. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

மூன்று வகைகள்

முதலாவது துணிக் கவசம். பருத்தித் துணியை இரண்டு மூன்று அடுக்காகத் தைத்தது. அணிபவரின் எச்சில் துளிகள் பிறர்மீது தெறிக்காமல் தடுப்பதே இதன் முதன்மைப் பணி. துணி எவ்வளவு நெருக்கமோ, எத்தனை அடுக்கோ, அந்த அளவே பாதுகாப்பு.

இரண்டாவது மருத்துவக் கவசம். பச்சை அல்லது நீல நிறத்தில் மூன்று அடுக்காக, மடிப்புகளோடு இருப்பது. கடைகளில் சர்ஜிக்கல் மாஸ்க் என்று கேட்டு வாங்குகிறோம். இது ஒருமுறை அணிந்து எறிவதற்காகவே செய்யப்பட்டது. கன்னத்தின் ஓரங்களில் இடைவெளி இருப்பதால் காற்று பக்கவாட்டிலும் புகும்.

மூன்றாவது என்-95. கிண்ணம் போன்றோ பறவை அலகு போன்றோ முகத்தோடு ஒட்டி நிற்பது. 95 என்பது, வடிகட்டுவதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுள்ள நுண்துகள்களில் நூற்றுக்கு 95-ஐயேனும் தடுக்க வேண்டும் என்ற அமெரிக்கத் தரத்தைக் குறிக்கிறது. என் என்ற எழுத்து, எண்ணெய்த் துளிகளைத் தாங்கும் ஆற்றல் இதற்கு இல்லை என்பதைக் குறிக்கிறது. இந்தியாவில் ஐ.எஸ். 9473 என்ற தரத்தின்படி எஃப்.எஃப்.பி.2 என்று குறிக்கப்படுவது இதற்கு நெருங்கிய வகை. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இவ்வெண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்-95 தூசியையும் துளிகளையும் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. தோல் பதனிடும் ஆலையிலும் பெயிண்ட் பட்டறையிலும் எழும் இரசாயன ஆவிக்கு இது போதாது. அதற்கு வேறு வகைக் கவசம் உண்டு.

வடிகட்டி எவ்வாறு வேலை செய்கிறது?

மருத்துவக் கவசத்திலும் என்-95-இலும் நடு அடுக்கே உயிர்நாடி. பாலிபுரோபிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, வேகமான வெப்பக் காற்றால் ஊதி, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகளாக்கி, பஞ்சுபோல் படியச் செய்கிறார்கள். அவ்விழைகளின் இடைவெளிகள் கிருமியின் அளவைவிடப் பெரியவை. அப்படியிருந்தும் கிருமி சிக்கிக்கொள்வது எதனால்?

தலைமுடியில் தேய்த்த சீப்பு சிறு காகிதத் துண்டுகளைத் தன்பால் இழுப்பதைப் பிள்ளைப் பருவத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே ஆற்றலைத்தான் அவ்விழைகளுக்கு ஏற்றியிருக்கிறார்கள். நிலைமின்னூட்டம் என்பது அதன் பெயர். அருகில் வரும் நுண்துகளை இழை தன்பால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு விடவும் எளிதாக இருக்கிறது, துகளும் தடுக்கப்படுகிறது. தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய் என்ற அறிஞர் 1990-களில் இம்முறையை உருவாக்கினார். ஓய்வு பெற்றிருந்த அவர், 2020-இல் கவசத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கெடாமல் மறுபடி பயன்படுத்தும் வழியைக் கண்டறிய மீண்டும் ஆய்வில் இறங்கினார்.

இங்குதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த மின்னூட்டம் கண்ணுக்குத் தெரியாது. அது போய்விட்டாலும் கவசத்தின் நிறம் மாறாது, வடிவம் மாறாது, கிழியாது. பார்வைக்குப் புதியது போலவே இருக்கும். ஆனால் அதன் காவல் போயிருக்கும். ஒரு பொருள் கிருமி நீங்கித் தூய்மையாக இருப்பது ஒன்று. அது தன் வேலையைச் செய்வது மற்றொன்று. வீடுகளில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால் நேர்கின்றன.

செய்யக்கூடாதவை

என்-95 மீது சானிடைசரைத் தெளிக்கக் கூடாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் சேர்ந்து செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. சானிடைசரில் உள்ள ஆல்கஹால் பட்டதும், குளோரின் கரைசல் பட்டதும், வடிகட்டும் திறன் ஒரே முறையில் பெரிதும் வீழ்ந்தது. கிருமி அழிந்தது உண்மை. ஆனால் கவசத்தின் ஆற்றலும் உடன் அழிந்தது.

சோப்பு நீரில் துவைக்கக் கூடாது. சலவைத்தூளும் சோப்பும் அந்த மின்னூட்டத்தைக் கலைத்துவிடும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைப்பதும் அவ்வாறே. அதன் வாடை மூச்சையும் பாதிக்கும்.

அத்தர் தடவக் கூடாது. நறுமணம் பூசி ஜும்ஆவுக்கு வருவது நம் வழக்கம். அதை ஆடையில் பூசிக்கொள்ளலாம், கவசத்தில் வேண்டாம். என்-95 எண்ணெய்க்குத் தாக்குப்பிடிக்காத வகை என்பதை மேலே கண்டோம்.

இஸ்திரி போடக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவும் கூடாது. இழை பிளாஸ்டிக்கால் ஆனது, உருகிவிடும். மூக்கின்மேல் வரும் பட்டையில் உலோகம் இருப்பதால் மைக்ரோவேவில் பொறி பறந்து தீப்பற்றவும் கூடும்.

இட்லிப் பானையில் ஆவி காட்டலாமே என்று சிலர் எண்ணுகின்றனர். மேற்சொன்ன ஆய்வில் நீராவியையும் சோதித்தனர். முதல் சில முறைகளில் திறன் நிலைத்தது. பத்து முறைக்குள் குறைந்துவிட்டது. எந்த முறையோடு அது காவல் இழக்கிறது என்பதை வீட்டில் அளந்தறியக் கருவி இல்லை. ஆகவே தவிர்ப்பதே நலம்.

85 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத சூட்டில் 20 நிமிடம் வீதம் 50 முறை வைத்தும் திறன் குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது. கவசத்தை எதன்மீதும் படாமல் தொங்கவிட்டு, 70 டிகிரியில் அரைமணி நேரம் வைக்கும் முறையைப் பீட்டர் சாய் கூறினார். ஆனால் அவை சூட்டைத் துல்லியமாகக் காக்கும் கருவிகளுக்கு உரியவை. நம் வீட்டு அடுப்புகளில் சூடு ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும். மேலும், நோயாளியின் அருகில் அணிந்ததை உணவு சமைக்கும் அடுப்பில் வைப்பது நல்லதன்று.

வெயிலில் காயப்போட்டால் போதாதா? மருத்துவமனைகளில் கிருமிகளை அழிக்கப் பயன்படும் புற ஊதாக் கதிர், யூ.வி.-சி என்ற வகையைச் சேர்ந்தது. சூரியனிலிருந்து வரும் அக்கதிரை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுகிறது. மடிப்புகளின் நிழலிலும் உள் அடுக்குகளிலும் வெயில் எட்டாது. நீண்ட நேர வெயில் பிளாஸ்டிக் இழையையும் எலாஸ்டிக் நாடாவையும் நைந்துபோகச் செய்யும்.

2020-இல் அமெரிக்க மருத்துவமனைகள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைக் கொண்டு என்-95 கவசங்களைத் தூய்மைப்படுத்தியது உண்மையே. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் தட்டுப்பாட்டுக் காலத்துக்கென்று அதற்கு அனுமதி அளித்திருந்தது. தட்டுப்பாடு நீங்கியதும் 2021 ஜூனில் அவ்வனுமதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கடைகளில் கிடைக்கும் பெராக்சைடு திரவத்தை வாங்கி வீட்டில் அதைப் பின்பற்ற முயல்வது ஆபத்து.

ஏழு உறைகள்

அப்படியானால் வழிதான் என்ன? வழி மிக எளியது. செலவும் இல்லை, நெருப்பும் இல்லை, மருந்தும் இல்லை. காத்திருப்பதே அவ்வழி.

கொரோனாக் கிருமி உடலுக்கு வெளியே நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. 2020 மார்ச்சில் வெளியான அமெரிக்க ஆய்வில், பிளாஸ்டிக் மீது 72 மணி நேரம் வரையிலும், அட்டையின் மீது 24 மணி நேரம் வரையிலும் அது உயிர்ப்புடன் இருந்தது. ஹாங்காங் பல்கலைக்கழக அறிஞர்கள் அதே ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வில், துணியின் மீது இரண்டாம் நாளே அது காணப்படவில்லை. ஆனால் மருத்துவக் கவசத்தின் வெளிப்புற அடுக்கில் ஏழாம் நாளிலும் மிகச் சிறிய அளவில் எஞ்சியிருந்தது. அவ்வாய்வு 22 டிகிரி வெப்பத்தில் நடந்தது. வெப்பம் கூடக்கூட அக்கிருமி விரைந்து அழியும்.

இதைக் கருத்திற்கொண்டே, தட்டுப்பாட்டுக் காலத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவப் பணியாளர்களுக்கு ஒரு முறையைக் கூறியது. ஒருவர் பல கவசங்களை வைத்துக்கொண்டு நாளுக்கொன்றாக அணிந்து, ஒவ்வொன்றையும் காகித உறையிலிட்டுக் குறைந்தது ஐந்து நாட்களுக்குப் பின் மறுபடி எடுக்க வேண்டும் என்பது அது.

நம் வீடுகளுக்கு வாரக் கணக்கே எளிது. ஏழு கவசங்கள், ஏழு காகித உறைகள். உறைகளின் மேல் வெள்ளி, சனி, ஞாயிறு என்று கிழமையை எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை அணிந்தது அடுத்த வெள்ளிக்கிழமை வரை அதன் உறையிலேயே ஓய்வெடுக்கட்டும். யாருடைய உறை என்று பெயரையும் எழுதுங்கள். ஒருவர் அணிந்ததை மற்றொருவர், அது கணவன் மனைவியே ஆனாலும், அணியக் கூடாது.

பிளாஸ்டிக் பை வேண்டாம். அதில் மூச்சின் ஈரம் தங்கும். ஈரத்தில் பூஞ்சை வளரும். காகித உறையைக் காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கழற்றும்போது முன்பகுதியைத் தொடாமல் நாடாவைப் பிடித்துக் கழற்றுங்கள். பிறகு கைகளைச் சோப்பால் கழுவுங்கள். மறுபடி அணியும்போதும் முன்பகுதி வெளிக்கிருமி பட்டது என்றே கருத வேண்டும்.

எத்தனை முறை? அம்மையம் ஒரு கவசத்தை ஐந்து முறைக்கு மேல் அணிய வேண்டாம் என்றது. ஒவ்வொரு முறை இழுத்து மாட்டும்போதும் நாடா தளர்ந்து, முகத்தோடு ஒட்டும் பிடி குறைவதே காரணம். ஏழு கவசங்களை ஐந்து முறை வீதம் அணிந்தால் 35 நாட்கள் ஆகின்றன. நாள்தோறும் எறிபவருக்கு 35 தேவைப்படும் இடத்தில் உங்களுக்கு ஏழு போதும். வீண்விரயமும் இல்லை, காவலும் கெடவில்லை.

துணிக் கவசத்தைத் துவைக்கும் முறை

என்-95-க்குக் கேடான சோப்பும் சூடும் துணிக் கவசத்துக்கு நன்மை. துணியில் மின்னூட்டம் இல்லை, இழப்பதற்கும் ஒன்றுமில்லை. கொரோனாக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அக்கொழுப்பைக் கரைத்துக் கிருமியைச் சிதைத்துவிடுகிறது.

இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2020 மார்ச் இறுதியில் வெளியிட்ட கையேடு மூன்று வழிகளைக் கூறியது. சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு துவைத்து, கடும் வெயிலில் குறைந்தது ஐந்து மணி நேரம் உலர்த்துவது முதல் வழி. வெயில் இல்லாத நாளில், பிரஷர் குக்கரில் தண்ணீருடன் உப்புச் சேர்த்து, குறைந்தது 10 நிமிடம் அவித்து உலர்த்துவது இரண்டாம் வழி. குக்கர் இல்லையேல் கொதிநீரில் 15 நிமிடம் வைக்கலாம். சோப்பால் கழுவியபின் ஐந்து நிமிடம் வரை இஸ்திரிப் பெட்டியால் சூடு கொடுப்பது மூன்றாம் வழி. ஆளுக்கு இரண்டு கவசங்கள் இருந்தால், ஒன்றை அணியும்போது மற்றொன்றைத் துவைக்கலாம் என்றும் கூறியது.

உலக சுகாதார நிறுவனமும் நாளுக்கு ஒருமுறையேனும் துணிக் கவசத்தைச் சோப்பிட்டு, இயன்றால் 60 டிகிரிச் சூடுள்ள நீரில் துவைக்கச் சொன்னது. துவைத்துத் துவைத்துத் துணி மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் தெரியும் நிலை வந்துவிட்டால் அதை விட்டுவிட வேண்டும்.

மருத்துவக் கவசம் துணி போலத் தோன்றினாலும் துணி அன்று. அதன் நடு அடுக்கும் மின்னூட்டம் பெற்றதே. அதைத் துவைத்து அணிவது பயன் தராது.

தாடி, நிகாப், உளூ

நம் சமுதாயத்துக்கென்றே சில விளக்கங்கள் தேவைப்படுகின்றன.

என்-95-இன் பயன் அது முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டுவதில் இருக்கிறது. தாடி இருந்தால் அதன் விளிம்பு தோலோடு ஒட்டாது. காற்று தாடியின் வழியே புகுந்துவிடும். எனவே தாடி வைத்திருப்பவர்கள் என்-95 அணிந்துவிட்டோம் என்று முழுக்க நம்பியிருக்க வேண்டாம். அறையின் சன்னல்களைத் திறந்து வைத்தல், நோயாளியிடமிருந்து தள்ளி அமர்தல் போன்றவற்றைக் கூடுதலாகச் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் பணியாற்றும் சீக்கிய மருத்துவர்கள், தாடியின்மேல் இழுபடும் தன்மையுள்ள துணியை இறுகக் கட்டி, அதன்மேல் கவசம் அணியும் முறையைச் சோதித்து 2020-இல் வெளியிட்டனர். மருத்துவத் துறையில் உள்ள நம் இளைஞர்கள் அதனைத் தம் மருத்துவமனையில் கேட்டறிந்து, பொருத்தச் சோதனை செய்தபின் பின்பற்றலாம். தலைக்கு மேல் முழுவதும் மூடி, விசிறியால் தூய காற்றைச் செலுத்தும் கவசமும் அவர்களுக்கு உண்டு.

நிகாப் அணியும் சகோதரிகள் அதுவே முகக்கவசமாகிவிடும் என்று எண்ணலாகாது. அது மெல்லிய துணி; கீழ்ப்புறம் திறந்தது. நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது முகத்தோடு ஒட்டிய கவசத்தை அணிந்து, அதன்மேல் நிகாபை அணிந்துகொள்ள வேண்டும்.

பள்ளிவாசலில் உளூ செய்யும்போது கவசத்தைத் தாடையில் இறக்கிவிடுவதும், ஹவ்ளின் ஈரச் சுவரில் வைப்பதும், ஜிப்பாப் பையில் கசக்கித் திணிப்பதும் கூடாது. நனைந்த கவசம் மூச்சை அடைக்கும். சட்டைப் பையில் ஒரு காகித உறையை வைத்திருங்கள். கழற்றி அதிலிட்டு, உளூ முடித்து, முகத்தையும் தாடியையும் நன்கு துடைத்த பின் அணியுங்கள். தேவையின்றி வாயை மூடித் தொழுவது மக்ரூஹ் என்பது சட்டநூல்களில் உள்ளதே. நோய்த் தொற்றைத் தடுக்கும் தேவை ஏற்படும்போது தடையில்லை என்று ஆலிம்கள் விளக்கியுள்ளனர்.

மூச்சு வெளியேறுவதற்கு வால்வு வைத்த என்-95 பற்றியும் ஒரு சொல். அந்த வால்வின் வழியே அணிபவரின் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியேறுகிறது. அணிபவருக்குப் பாதுகாப்பு, அருகில் நிற்பவருக்கு இல்லை. இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் 2020 ஜூலையில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் இதனைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார். தூசியில் தனியே வேலை செய்பவர் அணியட்டும். ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவருக்கு அது உகந்ததன்று.

காசநோயாளி இருக்கும் வீடு

உலகில் காசநோய் மிகுந்த நாடு நம் நாடு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இங்கு இருக்கிறார். ஆதலால் இதைத் தனியே கூறுகிறேன்.

மேற்கண்ட ஏழு உறை முறை கொரோனாக் கிருமியை வைத்து வகுக்கப்பட்டது. காசநோய்க் கிருமி மெழுகு போன்ற தடித்த சுவர் கொண்டது. உலர்ந்த இடத்திலும் அதைவிட நெடுநாள் தாங்கும். ஆயினும் அந்நோய் பொருள்களைத் தொடுவதால் பரவுவதில்லை. இருமலில் வெளிப்பட்டுக் காற்றில் மிதக்கும் துகள்களை மூச்சில் இழுப்பதாலேயே பரவுகிறது. எனவே பராமரிப்பவர் தம்முடைய என்-95-ஐ, அது உலர்ந்தும் சிதையாமலும் முகத்தோடு நன்கு ஒட்டியும் இருக்கும்வரை, மறுபடி அணியலாம்.

நோயாளி அணிய வேண்டியது என்-95 அன்று, மருத்துவக் கவசம். இருமித் தவிப்பவருக்கு என்-95 மூச்சு முட்டும். அவர் அணிந்ததை நனைந்தவுடன் மாற்றிவிட வேண்டும்; மறுபடி அணியக் கூடாது. சன்னல்களைத் திறந்து வைப்பது இந்நோயில் கவசத்துக்கு நிகரான காவல். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்தை இடையில் நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே வழங்கப்படுகிறது. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். பெண் பார்க்க வருவோர் அறிந்துவிடுவார்களோ என்று நோயை மறைத்து, கவசமும் அணியாமல் மருந்தும் உண்ணாமல் இருப்பது, ஒரு குடும்பத்தையே நோயில் தள்ளுவதாகும்.

எப்போது எறிய வேண்டும்?

கவசம் நனைந்துவிட்டால், கிழிந்துவிட்டால், இரத்தமோ சளியோ பட்டுவிட்டால், தூசி அடைத்து மூச்சு விடக் கடினமானால், நாடா தளர்ந்துவிட்டால், அதன் பணி முடிந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறை அணிந்ததும் இரு கைகளாலும் கவசத்தை மூடிப் பலமாக மூச்சை வெளியே விடுங்கள். கண்களின் பக்கமோ கன்னத்தின் ஓரத்திலோ காற்று கசிந்தால் மூக்குப் பட்டையை அழுத்திச் சரிசெய்யுங்கள். அப்போதும் கசிந்தால், எத்தனை முறை அணிந்தது என்று கணக்குப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

எறிவதிலும் ஒழுங்கு உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் கூறியபடி, பயன்படுத்திய கவசத்தைக் கத்தரித்து, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து, அதன் பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும். கத்தரித்துவிட்டால் அதைக் கழுவி மறுபடி விற்பவர் கைக்குப் போகாது. நாடாவில் பறவைகளின் கால் சிக்காது. குப்பை அள்ளும் தொழிலாளியும் ஒரு வீட்டின் தந்தை, ஒரு வீட்டின் தாய் என்பதை மறக்கலாகாது.

அன்பர்களே! இவை அனைத்தையும் சுருக்கிக் கூறினால் மூன்றே செய்திகள்தாம். துணியைத் துவையுங்கள். என்-95-ஐக் கழுவாமல் காத்திருக்க வையுங்கள். மருத்துவக் கவசத்தை ஒருமுறையோடு விடுங்கள். இம்மூன்றையும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். நோய் வந்த பிறகு தேடிப் படிப்பதைவிட, அலமாரியில் ஏழு உறைகளை இன்றே எழுதி வைப்பது மேல்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை நோய்நொடிகளிலிருந்து காப்பானாக! நோயுற்றோருக்கு முழு நலத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் உடல் வலுவையும் நல்குவானாக! ஆமீன்.